வெளிநாட்டில வளந்த ஆளோட போனிலயே காலம் போகுது, எங்கட வீட்டு நடைமுறை அவருக்கு விளங்குதில்லை. அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ

பாலைப்பழம் (விசுவமடு):

எல்லாருக்கும் வணக்கம். கனகாலமா இங்க வாசிச்சுக்கொண்டு மட்டும் இருக்கிற ஆள் நான். ஊருக்குள்ள ஆரிட்டயும் இதைக் கேக்க ஏலாது, கேட்டா அடுத்தநாள் சந்தைக்குள்ள கதை போயிடும், அதால இங்க கேக்கிறன்.

என்ர ஆள் நோர்வேயில பிறந்து வளந்தவர். தாய் தேப்பன் எங்கட பக்கத்து ஆக்கள்தான், தொண்ணூறுகளில போனவை. சொந்தத்துக்குள்ள ஒரு கலியாண வீட்டுக்கு வந்த இடத்தில கண்டு கதைச்சது, பிறகு வட்ஸ்அப், இப்ப ரெண்டு வீட்டுக்கும் தெரியும், ரெண்டு வீட்டுக்கும் ஓம். தமிழ் கதைப்பார், புட்டும் சொதியும் சாப்பிடுவார், கோயிலுக்கும் போவார். வெள்ளைக்காரனைக் கட்டினாத்தானே கலாசாரப் பிரச்சினை, இது எங்கட பிள்ளைதானே எண்டு வீட்டில எல்லாரும் சொன்னவை. எனக்கு எண்டா இப்ப வெள்ளைக்காரனே லேசு போல கிடக்கு.

முதல் பிரச்சினை வீடு. எங்கட வீடு இந்திய வீட்டுத்திட்டத்தில கட்டினது, அந்த அஞ்சரை லட்சம் வீடுதான், ரெண்டு அறை ஒரு ஹோல் ஒரு குசினி. சீலிங் அடிக்கேல்லை. ஒரு அறையில மெதுவாக் கதைச்சாலும் சத்தம் ஓட்டுக்கு ஏறி மற்ற அறைக்குள்ள இறங்கும். அவர் ஒவ்வொருக்காலும் பக்கத்தில ஆர் எண்டு கேப்பார், தனிய வந்து கதை எண்டுவார். தனிய எங்க போறது? கிணத்தடிக்குப் போனா நுளம்பு, படலைக்குப் போனா ரோட்டால போற சனம். அவர் வேலையால வந்து அஞ்சு மணிக்கே இரவுச் சாப்பாட்டை முடிச்சிட்டு எடுப்பார், அது எங்களுக்கு எட்டரை, குளிர்காலத்தில மணி மாத்தினாப் பிறகு ஒன்பதரை. அந்த நேரம் வீட்டில லைற் நூத்து எல்லாரும் படுத்திருக்கினம், ஆனா ஒருத்தரும் நித்திரை இல்லை. அம்மா இடையில வந்து தம்பி சாப்பிட்டீங்களோ எண்டு கேப்பா, அவர் ஓம் எண்டிட்டுப் பேசாம இருப்பார், பிறகு என்னட்டக் கேக்கிறார் ஏன் ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி கேக்கிறா எண்டு.

ரெண்டாவது, இடைக்கிடை ஆளைக் காணக் கிடைக்காது. ஈஸ்ரர் லீவுக்கு மலையில ஒரு மரவீட்டுக்குப் போறன் எண்டு சொல்லிட்டுப் போனவர், போன் இல்லை மெசேச் இல்லை, நான் இங்க நேர்த்தி வைக்காத கோயில் இல்லை. பிறகு இன்ஸ்டாவில படம் வருது, பெடியளும் பெட்டையளுமா ஒரே வீட்டில நிண்டிருக்கினம். அதை முதல் கண்டது என்ர தம்பி. அதுக்குப் பிறகு வீட்டில நடந்ததை எழுதேல்லை.

மூண்டாவது காசு. தம்பி மோட்டச்சைக்கிளுக்கு ஒரு உதவி கேட்டவன். இவர் யோசிச்சுச் சொல்லுறன் எண்டார், ரெண்டு நாளில நேர சொல்லிட்டார் ஏலாது, வீட்டுக் கடன் கட்டுறன் எண்டு. இல்லை எண்டதில எனக்குக் கோவம் இல்லை, முகத்தில அடிச்ச மாதிரிச் சொன்னதுதான். தம்பி இப்ப அவற்ற போன் வந்தா எழும்பி வெளிய போறான்.

இப்ப அவர் சொல்லுறார் எழுத்துக்கு, அதான் கலியாணப் பதிவுக்கு, முதல் கொஞ்ச நாள் சேர்ந்து இருந்து பாப்பம், அங்க எல்லாரும் அப்பிடித்தான் எண்டு. இதை நான் அப்பாட்ட எப்பிடிச் சொல்லுறது? ஆராவது இப்பிடி வேற நாட்டு ஆளோட தூரத்தில இருந்து கதைச்சுக் கட்டின ஆக்கள் இருந்தா எழுதுங்கோ.

கச்சான்காரன் (முறிகண்டி):

சீலிங் அடியுங்கோ பிள்ளை. பாதிப் பிரச்சினை முடியும்.

நெடுங்கேணியான்:

பகிடி இருக்கட்டும். நான் கேக்கிறன் இவர் அங்க ஏற்கனவே ஆரோடயும் இருக்கேல்லை எண்டு எப்பிடித் தெரியும்? எழுத்துக்கு முதல் சேர்ந்து இருப்பம் எண்டிற கதை எனக்குப் பிடிக்கேல்லை. எங்கட பக்கத்தில எத்தினை பிள்ளையள் வெளிநாட்டு மாப்பிளை எண்டு பாத்துக்கொண்டு இருந்து வயசு போய் நிக்குதுகள். மலைவீட்டுப் படம் வேற. வீட்டுக்காரரை விட்டு விசாரியுங்கோ, அங்க இருக்கிற ஊர்ச் சங்கத்தில கேட்டா ரெண்டு நாளில உண்மை வரும்.

இன்னொண்டு, அவர் நோர்வேப் பிரசை எண்டா இங்க எழுதேக்க வெளிநாட்டவர் கணக்கு. 2022 தையில இருந்து வெளிநாட்டவரை இங்க எழுதிறதுக்குப் பாதுகாப்பு அமைச்சின்ர அனுமதி வேணும் எண்டு சுற்றறிக்கை விட்டவை. உதுகள் வரும் மாறும், நாள் வைக்க முதல் பதிவாளர் கந்தோரில நேர போய்க் கேளுங்கோ.

முள்ளியவளை_மாமி (ரொறன்ரோ):

பிள்ளை, நெடுங்கேணியான் சொல்லுறதில கடைசிப் பந்தியை மட்டும் எடுங்கோ, மற்றதை விடுங்கோ.

எங்கட காலத்தைச் சொல்லுறன். எனக்குப் பேசினது தொண்ணூறுகளில. A9 ரோட்டுப் பூட்டு, வன்னிக்குள்ள போன் இல்லை. இவர் கனடாவில இருந்து போடுற கடிதம் கொழும்புக்கு வந்து, ஆராவது உள்ளுக்கு வாற ஆள் கொண்டுவந்து குடுக்க மாசக்கணக்கு. நான் கேட்ட கேள்விக்குப் பதில் வரேக்க கேள்வி எனக்கே மறந்திருக்கும். வன்னியை விட்டு வெளிக்கிட பாஸ் எடுத்து வவுனியா வந்து கொழும்பில லொட்ஜில கிடந்து, பிறகு சிங்கப்பூருக்கு ஏத்தி அங்க கோயில்ல தாலி. அண்டைக்குத்தான் ஆளின்ர குரலையே வடிவாக் கேட்டனான். அந்தக் கடிதங்களில இவர் தன்ர குறை ஒண்டும் எழுதேல்லை நானும் எழுதேல்லை, ஆனபடியா சண்டையும் இல்லை. இங்க வந்திறங்கினாப் பிறகு எல்லாச் சண்டையும் சேத்துப் பிடிச்சம். நீங்கள் இப்பவே பிடிக்கிறியள், அது நல்லது எண்டுதான் நான் சொல்லுவன்.

காசு விசயம். அங்க நிண்டு பாக்க வெளிநாட்டில இருக்கிறவனிட்ட இருக்கு எண்டுதான் தெரியும். இங்க சம்பளம் வரமுதல் மோட்கேஜ், இன்சூரன்ஸ், கார் எல்லாம் தானே வெட்டிக்கொண்டு போகும், மிச்சம் பாத்தா சாப்பாட்டுக்கு. எங்கட ஆக்கள் கன பேர் அதைச் சொல்ல வெக்கப்பட்டுக் கடன் பட்டு அனுப்பிச்சினம், ஓவர்ரைம் செய்து நாரி முறிஞ்சு அனுப்பிச்சினம். உங்கட ஆள் ஏலாது எண்டு சொன்னது எனக்கு நிம்மதியா இருக்கு. தம்பிக்கு அது விளங்கக் கொஞ்சக் காலம் போகும்.

ஆனா அம்மா சாப்பிட்டீங்களோ எண்டு கேக்கிறதுக்கு எரிச்சல் படுறது எண்டா அது எனக்குப் பொறுக்காது, அதை நீங்கள் சொல்லித்தான் குடுக்கவேணும்.

மாங்குளம்_சந்தி:

நான் கட்டினது மதுரைப் பிள்ளை. எல்லாரும் கேட்டவை அங்கயும் தமிழ்தானே என்ன வித்தியாசம் எண்டு. நீங்கள் எழுதினதை வாசிக்க எனக்கு அந்த ஞாபகம்தான் வருது.

எங்கட பக்கம் வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. அப்பா கட்டின வீடு தங்கச்சிக்கு எண்டு எழுதியாச்சு, எனக்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில குடுத்த ஒரு பேமிற் காணியும் ரெண்டு கையும். வாற மருமகள் வீடு வளவோட வருவா எண்டு அம்மா நினைச்சுக்கொண்டிருக்கிறா. அங்க அவேன்ர அப்பா, மாப்பிளைக்குச் சொந்த வீடு இருக்கும், பொண்ணு அங்க போய் இருப்பா, நாங்க நகையும் பாத்திரமும் சீர் செய்வம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். ரெண்டு பேரும் மற்றவை கட்டாயம் வீடு வச்சிருப்பினம் எண்டு நம்பிக்கொண்டு ஒரு வருசமா போனில சுகம் விசாரிச்சிருக்கினம்! வீடு எண்ட கதை ஒருநாளும் வரேல்லை, ஏனெண்டா ரெண்டு பக்கத்துக்கும் அது கேக்கத் தேவையில்லாத விசயம்.

கடைசியில வெளிச்சது எப்பிடியெண்டா, அவேன்ர அப்பா கேட்டார் உங்க வீட்டுல எத்தனை ரூம் எண்டு, என்ர அம்மா ஸ்பீக்கர்ல சொல்லுறா இது மகளின்ர வீடு, தம்பி உங்க வந்து இருப்பான்தானே எண்டு. அந்தப் பக்கம் லைன் கட். அவைக்கு மாப்பிளை பொம்பிளை வீட்டில போய் இருக்கிறது மானம் போற விசயம். எங்களுக்கு அது வழமை. மூண்டு மாசம் பேச்சு இல்லை.

இதைவிட ஒண்டு. அவேன்ர சொந்தத்துக்குள்ள ஒரு அக்கா தன்ர தாய்மாமனையே கட்டியிருக்கிறா, அங்க அது முறை. இங்க எங்கட ஆக்களுக்கு மச்சானைக் கட்டலாம், மாமனைக் கட்டுறதெண்டா காதைப் பொத்துவினம். நான் அதை அம்மாட்ட இன்னும் சொல்லேல்லை, சொல்லப்போறதும் இல்லை.

முடிஞ்சது எப்பிடி எண்டா நான் பேமிற் காணியில ஒரு அறையும் குசினியும் போட்டு கூரை ஏத்தி வீடியோ எடுத்து அனுப்பினது. வீடியோவில பூச்சுப் பூசாத சுவர்தான். அதுக்குப் பிறகு அவர் பலாலிக்கு பிளேன்ல வந்து பாத்திட்டுப் போனவர், சென்னையில இருந்து ஏறி இறங்கிற நேரம் கொஞ்சம்தான், அங்கயிருந்து மாங்குளம் வந்த நேரம்தான் கூட எண்டு இண்டைக்கும் சொல்லுவார்.

கச்சான்காரன்:

மாமனைக் கட்டுற கதையை அம்மா இங்க வந்து வாசிச்சா என்ன செய்யிறது சந்தியண்ணை?

மாங்குளம்_சந்தி:

அம்மாவுக்கு யூரியூப் மட்டும்தான்.

வவுனியா_வெயில்:

அக்கா வெள்ளைக்காரன் லேசு எண்டு எழுதினதுக்குத்தான் நான் உள்ள வந்தனான். என்ர ஆள் ஜேர்மன்காரன், தமிழ் தெரியாது, இங்க ஒரு வேலைத்திட்டத்துக்கு வந்து ஒரு வருசம் வவுனியாவில இருந்தவர்.

லேசு இல்லை அக்கா. ஒண்டு சொல்லுறன். அவற்ற பிறந்தநாள், எங்கட பக்கம் எண்டா பன்ரெண்டு மணிக்கு முதல் ஆளா விஷ் பண்ணுறதுதானே பெருமை, நான் முழிச்சிருந்து இங்க சரியாப் பன்ரெண்டுக்கு வீடியோ கோல் எடுத்து, கேக்கில மெழுகுதிரி கொளுத்தி வைச்சுப் பாட்டும் பாடினன். அங்க அப்ப முதல்நாள் பின்னேரம் ஏழரை, மேசையில தாய் தேப்பனோட சாப்பிட்டுக்கொண்டு இருக்கினம். தாயின்ர முகம் அப்பிடியே மாறிட்டுது. ஜேர்மன்காரர் பிறந்தநாளுக்கு முதல் வாழ்த்தினாக் கூடாது எண்டு நம்பிற ஆக்கள், முதல்நாள் வாழ்த்தவே மாட்டினம், அபசகுனம். எங்கட ஆக்கள்தான் சகுனம் பாக்கிறவை எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன், வெள்ளைக்காரரும் பாக்கினம், வேற சகுனம். மனிசி நல்ல மனிசி, இப்ப ஒவ்வொரு வருசமும் நான் எப்ப எடுக்கப்போறன் எண்டு பயத்தில முதலே மெசேச் போடும்.

நேர சொல்லுறதைப் பற்றி அக்கா எழுதினா. நான் சீலை உடுத்து எவ்வளவு பாடுபட்டுப் படம் எடுத்து அனுப்ப, இந்த நிறம் உனக்குச் சரிவரேல்லை எண்டு பதில். ஒரு கிழமை கதைக்கேல்லை. ஆனா பிறகு யோசிச்சுப் பாத்தா அவர் வடிவு எண்டு சொல்லிற நேரம் அது உண்மையாத்தான் வடிவு, எங்கட வீட்டில சொல்லிற வடிவு மாதிரி இல்லை.

சேர்ந்து வாழுற கதைக்கு: அங்க போறதெண்டா எப்பிடியும் எழுத்து வேணும், அதோட கணவன் மனைவி விசாவுக்கு ஜேர்மன் பாசையில A1 எண்டிற தொடக்கச் சோதினை பாஸ் பண்ணவேணும், 2007 இல இருந்து அப்பிடி. கேக்கிறது வாசிக்கிறது எழுதுறது கதைக்கிறது நாலும் சேத்து நூறுக்கு அறுபது எடுக்கவேணும். நான் படிச்சுக்கொண்டிருக்கிறன். கேக்கிற பகுதிதான் சனியன், ரெயில் எத்தினையாம் மேடையில நிக்கும் எண்டு அவன் வேகமாச் சொல்லிட்டுப் போயிடுவான்.

அக்கராயன்_குளக்கட்டு:

வேலையால வந்து இப்பதான் முழுக்க வாசிச்சன். எனக்கு எழுத வேண்டி இருக்கு, நீளமா வரும் மன்னிக்கோணும்.

என்ர மனிசி பிலிப்பீன்ஸ். கட்டாரில வேலை செய்த இடத்தில கண்டது. ரெண்டு பேரின்ர கொன்றாக்ற்றும் முடிய அவ தன்ர ஊருக்கு நான் என்ர ஊருக்கு. அங்க எங்களைவிட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, ஆனபடியா நேரப் பிரச்சினை இல்லை. தங்கச்சிக்கு இருக்கிற தனிமைப் பிரச்சினை எனக்கு நேர் எதிர். அவ போன் எடுத்தா ஸ்கிறீனில அவவைக் காணேலாது. தாய், தேப்பன், சித்தி, பக்கத்து வீட்டுப் பிள்ளையள், சேவல் ஒண்டு. எங்கட பக்கம் அம்மா, பெரியம்மா, அவவின்ர பேரப்பிள்ளையள். ரெண்டு சந்தை ஒண்டையொண்டு பாத்துக் கத்தும், நாங்கள் ரெண்டு பேரும் ஓரத்தில நிண்டு கண்ணால கதைப்பம்.

அவையும் மூண்டு நேரமும் சோறு, கருவாடு இல்லாமல் இருக்கமாட்டினம், மூத்த பிள்ளை உழைச்சு வீட்டுக்கு அனுப்பவேணும், வயசுக்கு மூத்தவையைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டினம். ஆனபடியா ஒண்டும் கஷ்டம் இருக்காது எண்டு நானும் நினைச்சன். பிறகுதான் பாத்தன் அவவுக்குக் கோவம் வந்தா சிரிப்பா. ஓம் எண்டு சொல்லுவா, சிரிப்பா, பிறகு ரெண்டு நாள் போன் எடுக்கமாட்டா. எங்கட ஊர்ச் சண்டை சத்தம் போட்டு முடியிற சண்டை. சத்தமில்லாத சண்டையை எப்பிடித் தீர்க்கிறது? இன்னொண்டு புரட்டாதி பிறக்க முதலே செப்ரெம்பர் முதலாம் திகதியே கிறிஸ்மஸ் பாட்டுப் போடத் தொடங்கிடுவினம், நாலு மாசம்.

பேப்பர் வேலை: கலியாணம் அங்க செய்தம். கலியாணம் செய்யத் தடை இல்லை எண்டு எங்கட எம்பசியில கடிதம் எடுத்து, அதுக்குப் பிறகு அவையின்ர உள்ளூராட்சிக் கந்தோர் பலகையில பத்து நாள் அறிவித்தல் தொங்கவேணும், வெளிநாட்டுக்காரனைக் கட்டி வெளிய போற பொம்பிளையளுக்கு அரசாங்கமே கூப்பிட்டு ஒரு ஆலோசனை வகுப்பு வைச்சு அத்தாட்சி குடுத்தால்தான் பிளேன் ஏறலாம். அந்த வகுப்பில மாப்பிளை அடிச்சா என்ன செய்வாய் ஆருக்குப் போன் எடுப்பாய் எண்டு கேட்டிருக்கினம். எனக்கு முதலில கோவம், பிறகு இந்த வகுப்பு எங்கட பிள்ளையளுக்கும் வேணும் எண்டு பட்டுது. அங்க விவாகரத்துச் சட்டமே இல்லை, முஸ்லிம் ஆக்களுக்கு மட்டும்தான். அவ அதைச் சொல்லித்தான் கட்டினவ, யோசிச்சு ஓம் சொல்லு எண்டு.

இங்க வந்த நாள். அம்மா தனிய எங்களை வளத்தவ, அப்பா இல்லை. உங்களுக்குத் தெரியும் எங்கட பக்கம் அப்பிடியான ஆக்கள் நல்ல காரியத்தில முன்னுக்கு வாறேல்லை, ஆலாத்தி எடுக்கப் பெரியம்மா நிக்கிறா, அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால. மனிசி படலைக்குள்ள வந்து ஆலாத்தித் தட்டைக் கடந்து நேர குசினிக்குப் போயிட்டா. அவையின்ர வழக்கம் பெரியவையின்ர கையை எடுத்துத் தங்கட நெத்தியில வைக்கிறது, வீட்டுக்குள்ள வந்தா முதல் அதுதான். அம்மா மீன் வெட்டின கை எண்டு பின்னால இழுக்கிறா, அவ விடேல்லை, மீன் செதிலோட அந்தக் கையை எடுத்து நெத்தியில வைச்சிட்டா. பெரியம்மா ஒரு மாசம் எங்கட வீட்டுப் பக்கம் வரேல்லை. அம்மாவும் மருமகளும் இப்ப என்னை மதிக்கிறேல்லை, அவை தனிக் கூட்டு, ஒரு பாசையும் பொது இல்லை, எப்பிடித்தான் நாள் முழுக்கக் கதைக்கினம் எண்டு எனக்கு விளங்கேல்லை.

தங்கச்சிக்கு நான் சொல்லுறது, அவருக்கு வீட்டைக் காட்டுங்கோ. போனில உங்கட முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தா அவர் கட்டப்போறது உங்கட முகத்தை மட்டும் எண்டுதான் நினைப்பார். கமராவைத் திருப்பி சீலிங் இல்லாத ஓட்டைக் காட்டுங்கோ முதல்.

மட்டறுத்துனர்:

நெடுங்கேணியானின் ஒரு பதிவு நீக்கப்பட்டிருக்கு. மற்ற ஆக்களின்ர குடும்பத்தைப் பற்றித் தெரியாமல் எழுதவேண்டாம். பேர், போன் நம்பர் ஆரும் போடவேண்டாம்.

பாலைப்பழம்:

எல்லாருக்கும் நன்றி. குளக்கட்டு அண்ணை எழுதினதை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன், அம்மா மீன் செதிலில நிண்டு சிரிச்சவ.

நெடுங்கேணியான் அண்ணை, விசாரிச்சாச்சு, அதில பிழை இல்லை. மலைவீட்டில நிண்ட பெட்டையளில ஒராள் அவற்ற மச்சாள், அதை அவரே சொன்னவர்.

நான் முதல் எழுதாத ஒண்டு இருக்கு. உண்மையில அதுதான் மனசுக்குள்ள கிடக்கிறது. போன வருசம் மே 17 பின்னேரம். அடுத்தநாள் முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்குப் போக நாங்கள் ஆயத்தம், அம்மா கஞ்சிக்கு அரிசி எடுத்து வைக்கிறா, அப்பம்மா சித்தப்பாவின்ர படத்தைச் சீலைத் தலைப்பால துடைச்சு வைச்சிட்டு அதுக்கு முன்னால இருக்கிறா. போன் டிங் எண்டுது. திறந்தா அவர், சூட் போட்டு நெஞ்சில மூண்டு நிறத்தில நாடா குத்தி, ஒரு கையில கொடி மற்றக் கையில ஐஸ்கிரீம், சுத்திவர சனம் எல்லாம் சிரிச்சுக்கொண்டு. அண்டைக்கு அவையின்ர தேசிய தினமாம். நான் போனைக் கவிட்டு வைச்சிட்டன். அதுக்குப் பிறகு எத்தினையோ கதைச்சிருக்கிறம், அதைப் பற்றி நானும் கேக்கேல்லை அவரும் ஏன் பதில் போடேல்லை எண்டு கேக்கேல்லை. வாற மே எப்பிடி இருக்கும் எண்டு யோசிக்கவே பயமா இருக்கு. வருசா வருசம் இப்பிடியே?

பேர்கன்மழை:

வணக்கம். நான் நோர்வேயில பேர்கனில பிறந்தனான், அம்மா அப்பா புதுக்குடியிருப்பு. என்னுடைய எழுத்துத் தமிழ் கொஞ்சம் பிழையா இருக்கும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில படிச்சதுதான்.

நான் உங்கட ஆளுக்காகக் கதைக்கேல்லை, ஆனா அவர் வளந்த மாதிரித்தான் நானும் வளந்தனான். 1814 இல மே 17 நோர்வேக்கு அரசியலமைப்பு எழுதின நாள். ஆமி ஊர்வலம் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளையள் கொடியோட போறது, ஐஸ்கிரீம் எவ்வளவும் குடிக்கலாம் எண்டு விடுற ஒரே நாள். எங்களை மாதிரி வேற நிறப் பிள்ளையளுக்கு அண்டைக்கு மட்டும்தான் ஒருத்தரும் நீ எந்த நாடு எண்டு கேக்கமாட்டினம். நான் ஸ்கூல் பான்ட்டில ட்ரம் அடிச்சுக்கொண்டு போவன், அம்மா சீலை உடுத்து ரோட்டோரம் நிண்டு கை காட்டுவா. பின்னேரம் வீட்டுக்கு வந்து அதே அம்மா மாமாவின்ர படத்துக்கு விளக்கு வைப்பா. அடுத்தநாள் நினைவு நிகழ்வுக்குக் கறுப்பு உடுப்போட போவம். எங்களுக்கு அந்த ரெண்டு நாளுக்கும் இடையில இருக்கிறது ஒரு இரவு. 2009 இல எனக்குப் பன்ரெண்டு வயசு, அந்த வருசம் நான் ட்ரம் அடிக்கப் போகேல்லை, அம்மா போகச் சொன்னவ, நான் போகேல்லை. அடுத்த வருசம் போனனான். இதை நான் நோர்வேக் கூட்டாளிமாருக்கும் சொன்னதில்லை, ஊரில இருக்கிற சொந்தத்துக்கும் சொன்னதில்லை.

உங்கட ஆள் அந்தப் படத்தை அனுப்பினது தன்ர நல்ல நாளைக் காட்டத்தான் எண்டு நான் நினைக்கிறன். நான் ஒண்டு கேக்கலாமோ, உங்கட சித்தப்பாவைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

மரவீட்டுக் கதை: ஈஸ்ரருக்கு எல்லாரும் போவினம், கன இடத்தில கறண்டும் இல்லை சிக்னலும் இல்லை, அதுக்காகத்தான் போறதே. பெடியள் பெட்டையள் ஒண்டாப் போறது இங்க கதையே இல்லை. ஆனா போகமுதல் எத்தினை நாள் போன் வராது எண்டு சொல்லிட்டுப் போறதுக்கு அவருக்கு வாய் இருக்குத்தானே, அதில நான் உங்கட பக்கம்.

சேர்ந்து இருந்து பாக்கிறது: இங்க கலியாணம் இல்லாமல் வீடு வாங்கிப் பிள்ளை பெத்து இருக்கிற ஆக்கள் நிறைய, சட்டமும் அதை ஏற்குது. ஆனா வெளிநாட்டில இருந்து கூப்பிடேக்க, எழுத்து இல்லாட்டி முதலே ரெண்டு வருசம் சேர்ந்து வாழ்ந்திருக்கவேணும் எண்டு கேப்பினம். அது உங்களுக்கு நடக்காது. அவர் விதியைப் பாக்காமல் சொல்லியிருக்கிறார். 2017 இல இருந்து ரெண்டு பேருக்கும் 24 வயசு முடிஞ்சிருக்கவேணும், அவர் வருமானமும் காட்டவேணும். கலியாணத் தடை இல்லை எண்டிற கடிதம் இங்க வரிக் கந்தோரில எடுக்கிறது, சிரிக்காதேங்கோ, உண்மையாவே வரிக் கந்தோர்தான்.

முள்ளியவளை_மாமி:

பேர்கன் பிள்ளை உங்கட தமிழுக்கு என்ன குறை, என்ர மகனுக்கு அனுப்பி வாசிக்கச் சொல்லப்போறன்.

விசா எண்டவுடன ஞாபகம் வருது, தனிய வந்து கதை தனிய வந்து கதை எண்டிற ஆளுக்குச் சொல்லுங்கோ, கடைசியில நீங்கள் கதைச்சதெல்லாம் ஆரோ ஒரு ஒபீசர் மேசையிலதான் போய்க் கிடக்கும். இங்க ஸ்பொன்சருக்கு மெசேச் எல்லாம் பிரிண்ட் எடுத்து, போன் பில், படம், ஆர் ஆர் கலியாணத்துக்கு வந்தது எண்டு முழுக்கக் கேப்பான். 2012 இல இருந்து 2017 வரைக்கும் இன்னும் மோசம், வந்து ரெண்டு வருசம் சேர்ந்து இருக்காட்டி வதிவிட உரிமையே போகும் எண்டு வைச்சிருந்தவங்கள், அந்தப் பயத்தில அடி வாங்கிக்கொண்டு இருந்த பிள்ளையள் எனக்குத் தெரியும்.

நெடுங்கேணியான்:

நான் எழுதினதை ஏன் தூக்கினியள் எண்டு விளங்கேல்லை. சரி. கொடியும் ஐஸ்கிரீமும் எனக்கு இன்னும் சீரணிக்கேல்லை. அது அவையின்ர நாடு, கொண்டாடட்டும், ஆனா இங்க அனுப்பக்கூடாது. அந்தக் கிழமை நாங்கள் பிறந்தநாள் கேக்கே வெட்டிறதில்லை.

பேர்கன்மழை:

அது எனக்குத் தெரியும் அண்ணை, ஏனெண்டா என்ர பிறந்தநாள் மே 16. எங்கட வீட்டில ஆனியிலதான் கேக் வெட்டுறது.

பாலைப்பழம்:

பேர்கன் கேட்ட கேள்விக்கு எனக்கு ரெண்டு நாளாப் பதில் எழுதத் தெரியேல்லை. சித்தப்பாவைப் பற்றி அவருக்கு ஒண்டும் தெரியாது. எங்கட வீட்டில அதைப் போனில கதைக்கிற பழக்கம் இல்லை, ஒரு காலத்தில பயத்தில விட்டது, பிறகு அப்பிடியே போட்டுது. அப்பம்மா கட்டிலில இருக்கிறது ஏன், கோல் நடக்கேக்க ஏன் ஒவ்வொருக்காலும் தம்பி எங்க நிக்கிறார் எண்டு கேக்கிறா எண்டு அவருக்கு எப்பிடி விளங்கும்? அப்பம்மாவுக்கு ஒருத்தர் எங்க நிக்கிறார் எண்டு தெரியாட்டி நித்திரை வராது.

நேற்று இரவு எடுத்தவர். தனிய வா எண்டு சொல்லமுதல் நானே சொல்லிட்டன், எங்கட வீட்டில தனிய எண்டு ஒரு இடம் இல்லை, பாருங்கோ எண்டு கமராவைத் திருப்பி ஓடு, சுவர், அறை எல்லாம் காட்டினன். பிறகு அப்பம்மாவிட்ட போனைக் குடுத்திட்டுக் குசினிக்குப் போயிட்டன். அப்பம்மாவுக்குக் காது கேக்கிறது குறைவு, ஆனபடியா கத்தித்தான் கதைப்பா, குசினிக்குள்ள நிண்டே எல்லாம் கேட்டுது. சித்தப்பாவின்ர பேர், என்ன படிச்சவர், கடைசியாக் கண்ட இடம், என்ன சாப்பாடு விருப்பம், எல்லாம் ஒழுங்கில்லாமல் வந்துது. அவர் குறுக்க கதைக்கேல்லை. நான் திரும்பி வரேக்க அப்பம்மா அவரிட்ட கேட்டுக்கொண்டிருக்கிறா, உங்க குளிருக்கு என்ன போர்க்கிறனீங்கள் எண்டு, அவர் எழும்பிப் போய்த் தன்ர போர்வையைக் கொண்டுவந்து கமராவில காட்டுறார்.

மே 17 படத்தை நான் கேட்டன். நான் பதில் போடாததுக்கு எனக்குக் கொடி பிடிக்கேல்லை எண்டு நினைச்சாராம். இந்த வருசம் படம் அனுப்பவோ வேண்டாமோ எண்டு கேட்டார். அனுப்புங்கோ, 19ஆம் திகதி அனுப்புங்கோ எண்டன்.

எல்லாம் சரி எண்டில்லை. தம்பி இன்னும் கதைக்கேல்லை. சேர்ந்து இருக்கிற கதையை அவர் விட்டிட்டார், ஆனா விசா விதிக்காக விட்டவரோ எங்களுக்காக விட்டவரோ எண்டு கேட்டதுக்கு, ரெண்டும் எண்டு சொன்னார், நேர சொல்லுற ஆள்தானே. அம்மா அது காணும் எண்டுறா. எனக்கு அரைவாசி காணும்.

இப்ப புதுப் பிரச்சினை. அங்க வேலையிடம் எல்லாம் ஜூலையிலதான் மூண்டு கிழமை பூட்டி லீவு விடுவினமாம், அவர் ஜூலை இருபதுக்கு ரிக்கற் பாக்கிறார். அது ஆடி. ஆடியில எழுத்தும் வைக்கேலாது எண்டு அம்மா நிக்கிறா.

முள்ளியவளை_மாமி:

அம்மா சொல்லுறது சரி. ஆனிக்குள்ள நாள் எடுங்கோ, ஜூலை 16க்கு முதல்.

வவுனியா_வெயில்:

அக்கா நாள் வைக்கமுதல் அவற்ற பிறப்புப் பத்திரத்தில பேர் எப்பிடி இருக்கு, பாஸ்போட்டில எப்பிடி இருக்கு எண்டு பாருங்கோ. எங்களுக்கு முதல்பேர் குடும்பப்பேர் மாறி எழுதி, என்ர பேப்பரில அப்பாவின்ர பேர்தான் என்ர பேர் எண்டு நிண்டுது, திருத்திறதுக்கு எத்தினை தரம் கந்தோருக்கு நடந்தது எண்டு கேக்காதேங்கோ.

பேர்கன்மழை:

லீவை முன்னுக்கு எடுக்கலாம், முதலே முதலாளியிட்டக் கேட்டு எழுதிவைக்கவேணும், எல்லாரும் ஜூலை எண்டபடியா ஜூன் லேசாக் கிடைக்கும். வரிக் கந்தோர்க் கடிதத்துக்கு இப்பவே போடச் சொல்லுங்கோ, உங்கட பக்கத்துப் பேப்பரும் அவை கேப்பினம்.

அக்கராயன்_குளக்கட்டு:

பதிவாளரை வீட்டுக்கும் கூப்பிடலாம், அதுக்குத் தனிக் கட்டணம். அறிவித்தல் குடுத்துக் காத்திருக்க நாள் காணாட்டி விசேட அனுமதிப்பத்திரம் எடுக்கலாம், கந்தோரில படிவம் இருக்கு. அவர் எழுத்துக்கு முதல் எங்க தங்கப்போறார்? உங்கட வீட்டில விடமாட்டினம், லொட்ஜில தனிய விட்டா அதுவும் கதை. எங்கட வீட்டில ஒரு அறை சும்மா கிடக்கு, சீலிங் அடிச்ச அறை. அம்மாட்டக் கேட்டனான், வரச்சொல்லட்டாம், கருவாடு சாப்பிடுவாரோ எண்டு மட்டும் கேட்டுச் சொல்லட்டாம்.

பாலைப்பழம்:

சாப்பிடுவார் அண்ணை. தனிமடல் போடுறன்.